முருகானந்தத்துக்கு நான் எழுதிக்கொடுத்த கடிதம்

போன வாரம் உங்கள் உளவியலாளர் பயிற்சி வகுப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேசி முடித்ததும் இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் எது?" என்று கேட்டார். நான் ஓர் அறுவடை மெஷின் டிரைவரைப் பற்றிச் சொன்னேன். ஐஸ் என்கிற போதைத்தூளில் மாட்டிக்கொண்டவர், எங்கள் போதை மீட்பு வார்டில் சேர்ந்தார், எட்டு மாதம் அதைத் தொடவில்லை, நான் வைத்த பரிசோதனையில் தேறினார், வேலைக்குத் திரும்பினார் என்றேன். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான்.  நீங்கள் இருபது பேர். அடுத்த மாதம் ஆளுக்கோர் ஊரில், ஆளுக்கொரு வார்டில் மேசைக்குப் பின்னால் உட்காரப்போகிறீர்கள். என்னுடைய பாதிக் கதையை நம்பிக்கொண்டு யாரும் அந்த நாற்காலியில் உட்காரக்கூடாது. அதனால் மீதியை எழுதித் தருகிறேன்.

அவர் பெயர் முருகானந்தம் என்று வைத்துக்கொள்வோம். மனைவி கலைச்செல்வி. இன்னொருவர் ராமையன். மூன்றும் உண்மைப் பெயர்கள் அல்ல.

தை மாதக் கடைசியில் ஒரு காலை, நான்கு பேர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முப்பத்துநாலு வயது. சட்டையெல்லாம் நெல் சுணை, கண்ணைச் சுற்றிப் புழுதி. திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமம். உங்களில் டெல்டாவைச் சேராதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் எல்லா வயலும் ஒரே சமயத்தில் முற்றி நிற்கும். ஆள் விட்டு அறுப்பது அநேகமாக நின்றுபோய்விட்டது. மெஷின் வந்தால்தான் அறுப்பு. ஒரு மெஷினுக்குப் பத்து ஊர் காத்துக்கிடக்கும். வானம் லேசாகக் கறுத்தால் போதும், மெஷின் ஓட்டுகிறவரை ஒருவரும் தூங்கவிட மாட்டார்கள்.

முருகானந்தம் நாலு நாளாகத் தூங்கவில்லை. தூக்கத்தைத் தள்ளிப்போட ஒரு லாரி டிரைவர் அந்தத் தூளைப் பழக்கியிருந்தார். முதல் வருஷம் அறுப்புக் காலத்தில் மட்டும். இரண்டாம் வருஷம் அறுப்பு முடிந்தும் விடமுடியவில்லை. மூன்றாம் வருஷம் அதற்காகவே அறுப்புக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது. அன்று காலை ஓடிக்கொண்டிருந்த மெஷினை நடு வயலில் நிறுத்திவிட்டுக் கீழே குதித்திருக்கிறார். பயிருக்குள் ஆட்கள் படுத்திருக்கிறார்கள், அறுக்கமாட்டேன் என்று வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அங்கே யாரும் படுத்திருக்கவில்லை.

கூட்டிவந்தவர்களில் மூத்தவர் ராமையன். ஐம்பது வயது இருக்கும். மெஷினோடு கூடவே போகிறவர். வரப்பு ஓரங்களில் கைகாட்டுவதும், வைக்கோல் சிக்கினால் இறங்கி எடுத்துவிடுவதும் அவர் வேலை.

"தங்கமான பயங்க மேடம்," என்றார் என்னிடம். "இல்லாத ஆளு மேல ஏத்திடுவமோன்னு அழுவுறான் பாருங்க. எப்படியாச்சும் ஆளாக்கிக் குடுங்க."

இரண்டு வாரத்தில் குரல்களும் உருவங்களும் மறைந்துவிட்டன. தூக்கம் வந்தது, பசி வந்தது, கன்னம் கொஞ்சம் நிரம்பியது. இந்த மாதிரி ஊக்கப் போதைப் பொருள்களில் நாம் ஏமாறுகிற இடம் இதுதான். மது நிறுத்தியவருக்குக் கை நடுங்கும், நமக்கே பார்த்தால் தெரியும். இதில் இரண்டாவது வாரமே ஆள் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடுவார். வீட்டுக்காரர்கள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். நாமும்தான்.

மெஷினிலிருந்து குதித்ததில் தலையில் அடிபட்டிருக்குமோ என்று டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார். குறிப்பிடும்படி எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கலைச்செல்வி அந்தப் பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர், கேள்வி கேட்கத் தயங்காதவர்.

"மேடம், ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு வந்துருச்சு. அப்ப மூளை நல்லாத்தான இருக்கு? ரெண்டு புள்ளைங்க இருக்கு, வீடு இருக்கு, இவருக்கே எல்லாம் தெரியுது. தெரிஞ்சும் ஏன் மேடம் போயி போயி விழுறாரு?"

நான் ஒரு தாளை எடுத்துப் பின்பக்கத்தில் ஒரு தலை வரைந்தேன். நெற்றிக்குப் பின்னால், கண்களுக்கு மேலே ஒரு வட்டம் போட்டேன். இதைச் செய்தால் நாளைக்கு என்ன ஆகும் என்று எடைபோட்டுப் பார்க்கிற இடம் இது என்றேன். தலையின் ஆழத்தில் இன்னொரு வட்டம். இது வேண்டும், இப்போதே வேண்டும் என்று இழுக்கிற இடம். தூள் இந்த ஆழத்து இடத்தை ஒரேயடியாகக் கிளப்பிவிட்டுப் பழக்கிவிடுகிறது. சோறு, பிள்ளை, சிரிப்பு எதற்கும் அது பிறகு அசைவதில்லை. நாளாக ஆக, நெற்றிப் பக்கம் சொல்கிற பேச்சு அதற்கு எட்டுவதில்லை. நெற்றிப் பக்கத்து மேற்பட்டையே கொஞ்சம் தேய்ந்து மெலிந்துவிடும், ஆனால் ஆஸ்பத்திரி ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியாது என்றேன்.

சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள். பலரைச் சேர்த்து அளந்து சராசரி பார்த்தால்தான் அந்த மெலிவு தெரிகிறது. தனி ஒரு மனிதரைப் பற்றி அதை வைத்து எதுவும் சொல்லமுடியாது. தூளால் மெலிந்ததா, முதலிலேயே அப்படி இருந்தவர்கள்தான் தூளில் விழுகிறார்களா என்பதும் யாருக்கும் முழுசாகத் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்பவரைக் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன். படம் வரைந்து முடித்தால் சொல்வதெல்லாம் உறுதியாகிவிட்ட மாதிரி நமக்கே ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

முருகானந்தம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் புரியட்டும் என்று, "வாய்க்கால் மாதிரி நினைச்சுக்குங்க. தண்ணி ஒரே பக்கம் ஓடி ஓடி பள்ளமாயிருச்சு. இனிமே அந்தப் பக்கத்தை அடைச்சு வேற பக்கம் திருப்பணும்" என்றேன்.

அவர் படத்தின் மேல் விரலை வைத்தார். "வாய்க்கால்னா கரையில ஒரு ஆளு நின்னு அடைக்கலாங்க. இங்க அடைக்க வேண்டிய ஆளே தண்ணியோட போறானே."

 சிரித்துச் சமாளித்தேன். கலைச்செல்வி சிரிக்கவில்லை.

"திரும்ப சரியாவுங்களா?" என்று கேட்டார் அவர்.

"தொடாம இருந்தா கொஞ்சம் கொஞ்சமா சரியாகும்."

"எவ்ளோ நாளாவும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "ஒரு எட்டு மாசம்" என்று சொல்லிவிட்டேன். அந்த எண்ணை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

மறுநாள் அவருக்குச் சீட்டுப் பரிசோதனை வைத்தேன். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு கட்டு சீட்டு. இரண்டு கட்டில் ஒவ்வொரு தடவையும் நிறைய மதிப்பெண் கிடைக்கும், ஆனால் திடீரென்று மொத்தமாக வாரிக்கொண்டு போய்விடும். மற்ற இரண்டில் கிடைப்பது கொஞ்சம், போவதும் கொஞ்சம். சாதாரணமாக எல்லோரும் கொஞ்ச நேரத்தில் மோசமான கட்டுகளை விட்டு விலகிவிடுவார்கள். முருகானந்தம் பாதி ஆட்டத்தில் முதல் கட்டின் மேல் விரலை வைத்து, "இது ஏமாத்துற கட்டுங்க மேடம்" என்றார். மிகச் சரி. சொல்லிவிட்டு அதிலிருந்தே எடுத்தார். அடுத்ததும் அதிலிருந்தே.

"ஏமாத்துதுன்னு சொன்னீங்களே?"

"தெரியுதுங்க. கை போயிடுது."

ஆட்டம் முடிந்ததும் எந்தெந்தக் கட்டு எப்படி, ஏன் என்று அவருக்கு நிதானமாக விளக்கினேன். நல்ல வழக்கம் என்றுதான் நினைத்தேன். முடிவை விளக்கியாயிற்று என்று ஃபைலிலும் எழுதினேன். இதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்குப் போன பிறகு அவர் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலை முதல் பஸ்ஸில். சிறுநீர்ப் பரிசோதனை ஒவ்வொன்றும் சுத்தமாக இருந்தது. அரை வேலி குத்தகை நிலத்தில் மச்சானோடு நடவு, களை என்று இருந்தார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். ஆடி மாதம் வந்தபோது கலைச்செல்வி, "மேடம், நேத்து டிவி பார்த்துட்டு சத்தமா சிரிச்சாரு. புள்ளைங்க பயந்துபோயி என்னைக் கூப்புடுதுங்க, அப்பா சிரிக்குதுன்னு" என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

புரட்டாசிக் கடைசியில், சரியாக எட்டாவது மாதம், இரண்டு பேரும் புதுத்துணி போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் சொன்ன கெடுவை அவர் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டது. மெஷின் சொந்தக்காரர் அவரை மறுபடி எடுத்துக்கொள்ளத் தயார், ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து தகுதிக் கடிதம் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

"வயல்ல கூலிக்கு நிக்கிறப்ப எல்லாரும் ஒரு மாதிரி பார்க்குறாங்க மேடம்," என்றார் முருகானந்தம். "மெஷின்ல ஏறி உக்காந்தாத்தான் நான் நானு. நீங்க எழுதிக் குடுங்க. உங்க பேரைக் காப்பாத்துவேன்."

சீட்டுப் பரிசோதனையை மறுபடி வைத்தேன். பத்தாவது சீட்டிலேயே மோசமான கட்டுகளை விட்டுவிட்டார். கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் கை போகவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அடுத்த மாதம் தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கில் நான் பேச இருந்தேன். மாசியில் எடுத்த மதிப்பெண், புரட்டாசியில் எடுத்த மதிப்பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் தயாரிக்கலாம் என்று அப்போதே மனதில் ஓடிவிட்டது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கடிதம் எழுதிய கையில் அந்தக் கருத்தரங்கும் இருந்தது.

எங்கள் டாக்டர் அப்போது இரண்டு இடங்களுக்குப் பொறுப்பாக இருந்தார். "மேடம், நீங்க அவரை மாசக்கணக்கா பார்க்குறீங்க. நீங்க எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டார்.

வார்டில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தார். என் வயதுதான். மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று படித்தார்.

"டெஸ்டெல்லாம் நல்லாத்தான் பண்ணிருக்காரு. ஆனா உங்க ரூம்ல மழை பெய்யாதே மேடம்."

"என்ன சிஸ்டர்?"

"இல்ல, ஃபேனுக்குக் கீழ உக்கார வச்சு, அவசரமில்லாம எடுங்கன்னு சொல்லி எடுக்கச் சொல்றீங்க. அங்க மேகம் மூடிக்கிட்டு வரும். வயக்காரன் கத்துவான். அப்ப என்ன எடுப்பாரு?"

"அதுக்கெல்லாம் டெஸ்ட் இல்ல சிஸ்டர்," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். 'பணிக்குத் திரும்பும் தகுதியுடன் இருக்கிறார்' என்று எழுதி முடித்தேன்.

ஐப்பசி முதல் வாரம். அதே நர்ஸ் என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தார். "மேடம், முருகானந்தத்தைக் கூட்டிவந்த பெரியவரை எலும்பு முறிவு வார்டுல சேர்த்து ரெண்டு நாளாச்சாம். கை போயிருச்சாம்."

ஓடினேன். ராமையன் கட்டிலில் படுத்திருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கட்டின் முனையில் ஈரம் ஊறியிருந்தது. அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "அவர் பவுடர் போட்டிருந்தாரா?" என்று கேட்டேன். என் கடிதத்தைப் பற்றித்தான் கேட்டேன். அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, நான் கவனித்தேன்.

"இல்லைங்க மேடம்," என்றார். "ஒரு நாளும் தொடலை. நான் கூடவேதான இருந்தேன். போலீஸ்ல ரத்தம், மூத்திரம் எல்லாம் எடுத்துப் பார்த்துட்டாங்க. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ராத்திரியெல்லாம் நல்லாத் தூங்கினான்."

"பின்ன?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். கெழக்கால கறுத்துக்கிட்டு வந்துச்சு. இன்னும் ரெண்டு மா நெலம் பாக்கி. பயிரு சாஞ்சு கெடக்கு, அடியில ஈரம். வைக்கோலு கத்தியில சுத்திக்கிச்சு. எறங்கி கையை விட்டு இழுத்துக்கிட்டு இருந்தேன். இன்ஜினை அணைக்கலை. அணைச்சா திரும்பக் கெளம்ப மக்கர் பண்ணும்னு ரெண்டு பேரும்தான் விட்டோம். வயக்காரரு வரப்புல நின்னு சத்தம் போடுறாரு. அடுத்த வயக்காரரு போனு மேல போனு. தூத்தல் விழுந்துருச்சு. நான் இடது கையைத் தூக்கி, இருன்னு காட்டுனேன். பார்த்தான் மேடம். என் மூஞ்சியைப் பார்த்தான். பார்த்துக்கிட்டே லிவரைத் தள்ளிட்டான்."

 பிறகு அவரே, "அன்னைக்கு இல்லாத ஆளுக்காக மெஷினை நிறுத்துனவன். வேணும்னு செஞ்சதில்லைங்க. அது எனக்குத் தெரியும்" என்றார். அவருடைய மகள் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் அந்த நிச்சயம் இல்லை.

அன்று சாயங்காலம் ஃபைலை எடுத்து முதலிலிருந்து படித்தேன். மாசி மாதப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: முடிவு நோயாளிக்கு விளக்கப்பட்டது. எந்தக் கட்டு ஏமாற்றும் என்று நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்து அதே கட்டுகளை வைத்து, அவர் ஞாபகமாக விலகியதைப் பார்த்து, முன்மூளை சரியாகிவிட்டது என்று பூரித்துப்போயிருக்கிறேன். அவர் என் பாடத்தை ஒப்பித்திருக்கிறார், அவ்வளவுதான். முதல் வருஷ மாணவர் செய்தால் நான் திட்டியிருப்பேன். இருபத்தாறு வருஷ அனுபவத்தில் செய்தேன்.

ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்களுக்கு ஒரு தப்பித்தல் கிடைத்துவிடும். பரிசோதனையைச் சரியாக வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படி இல்லை. விவசாயிகளைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் போதையையும் தொடாத டிரைவர்கள் கையிலும் மழை அவசரத்தில் இப்படி நடந்திருக்கிறது. அந்த ஒரு நொடியில் லிவரைத் தள்ளியது மூன்று வருஷத் தூளின் மிச்சமா, இல்லை கிழக்கே கறுத்த வானமா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. நான் கடிதம் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் அவமானத்தில் மறுபடி தூளுக்குப் போயிருக்கலாம். கொடுத்ததால் ராமையனின் கை போயிற்று.

பத்து நாள் கழித்து முருகானந்தம் ஜாமீனில் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தாடி, அதே பழைய சட்டை. ஆனால் கண் தெளிவாக இருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

"இன்னொரு ஸ்கேன் எடுங்க மேடம்."

"ஸ்கேன்ல தெரியாது முருகானந்தம்."

"சின்ன மாத்தம், தெரியாதுன்னு சொன்னீங்க. பெரிய மெஷினா இருந்தா தெரியுமா? மெட்ராஸ்ல எடுத்தா?"

"தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"மூளைதான்னு வந்துச்சுன்னா ராமையண்ணன்கிட்ட போயி சொல்லுவேன், நான் இல்லண்ணேன்னு. நான்தான்னு வந்தாலும் போயி சொல்லுவேங்க. கால்ல விழுந்துடுவேன். ரெண்டுல எதுன்னு தெரியாமத்தான் அவரு மூஞ்சியைப் பார்க்க முடியலை. அவரு கை காட்டுனது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது மேடம். எப்படித் தள்ளுனேன்?"

நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். வாங்க, ராமையனை நாம் சேர்ந்து போய்ப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம், நூறு அடி தூரத்தில்தான் அந்த வார்டு இருந்தது. நான் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். "மூளை வேற, நீங்க வேற இல்ல."

அது உண்மைதான். அந்த நேரத்தில் அதைவிடக் கொடுமையான உண்மை வேறு இருந்திருக்காது. அவர் தலையை ஆட்டினார், சரிங்க என்றார், எழுந்து போனார். அடுத்த தேதிக்கு வரவில்லை.

ஊரில் நடந்ததை நர்ஸ் மூலம் தெரிந்துகொண்டேன். நான் வரைந்த அந்தத் தலைப் படத்தைக் கலைச்செல்வி பத்திரமாக வைத்திருந்து, யாரும் தன் கணவரைத் திட்டக்கூடாது என்பதற்காக, இது வியாதி என்று சொந்தக்காரர்களிடம் காட்டியிருந்தார். விபத்துக்குப் பிறகு அதே படம் அவருக்கு எதிராகத் திரும்பிக்கொண்டது. அவனுக்கு மூளை தேய்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே எழுதிக்கொடுத்துவிட்டார்களாம் என்று ஊரெல்லாம் பேச்சு. மெஷின் போகட்டும், டிராக்டரில்கூட ஏற்றவில்லை. மச்சான் குத்தகை வயலுக்கே வரவேண்டாம் என்றுவிட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தால் மற்ற பெற்றோர் ஒதுங்கி நின்றார்கள்.

கார்த்திகையில் மறுபடி தொடங்கிவிட்டார். ஒருமுறை கொண்டுவந்து சேர்த்தார்கள். மூன்றாம் நாள் சொல்லாமல் போய்விட்டார். வார்டில் இருந்த அந்த மூன்று நாளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கட்டாயப்படுத்திப் பேசவில்லை. தை பிறக்கும் முன்னால் நாகூர் போகிற வழியில், லாரிகள் நிற்கும் ஓர் இடத்தில் இறந்துகிடந்தார். இதயம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அறுப்பு தொடங்க இன்னும் சில நாள் இருந்தது.

கடிதமே எழுதாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடைக்காமலே ஆட்கள் மூழ்கிப்போவார்கள். ஆனால் எழுதுவதற்கு முன்னால் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது. மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும். மெஷின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, முதல் பருவம் இவரை அவசர அறுப்பில் விடாதீர்கள், கோடை உழவில் டிராக்டரோடு தொடங்கட்டும், சிக்கல் எடுக்கும்போது இன்ஜின் அணைந்திருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கவேண்டும். தகுதி உண்டு, இல்லை என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் எழுத எவ்வளவோ இடம் இருந்தது. நான் ஒரு வரி எழுதினேன். அந்த நர்ஸ் எனக்குச் சொன்னார். டெஸ்ட் இல்லை என்று பதில் சொன்னேன்.

பங்குனியில் கலைச்செல்வி வந்தார். ஏதோ சான்றிதழுக்காக அலுவலகத்துக்கு வந்தவர், என் அறைக்கும் வந்தார். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார்.

"ராமையண்ணன் சாவுக்கு வந்தாரு மேடம். இடது கையால வாய்க்கரிசி போட்டாரு. ஒரு வார்த்தை பேசலை."

நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். அந்த எட்டு மாசம் வீட்ல இருந்தாரே. புள்ளைங்களோட சிரிச்சாரு. எனக்குத் தலைவலின்னா சோறாக்கினாரு. அது அவருதானா? இல்ல மாத்திரை, டெஸ்டு, ஆஸ்பத்திரின்னு எல்லாம் சேந்து அப்படி நடக்க வச்சுதா?"

மாத்திரை எட்டு மாதமும் இல்லை, முதல் இரண்டு மாதம்தான். பிறகு எதுவும் கொடுக்கவில்லை. இந்த ஒரு கேள்விக்காவது என்னிடம் பதில் இருக்கிறது என்று எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. இவருக்குக் கொடுக்க ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறதே என்று நினைத்தேன்.

"அவருதாம்மா," என்றேன். "சத்தியமா அவரேதான். யாரும் செய்ய வைக்கலை."

கலைச்செல்வி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ராமையண்ணன் கையை எடுத்ததும் அவருதான்."

  அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

எங்கள் பக்கம் எவ்வளவு கோபமாக இருந்தாலும், துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது தவிர, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம். அவர் கதவருகே நின்று திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் போறேன் மேடம்," என்றார்.